சத்திரத்துக் கூரைமேல் ஊர்மண்

மைசூருக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் அரண்மனை, சாமுண்டி மலை, மைசூர் பாகு என்று ஆளுக்கொன்றாக அடுக்கினார்கள். நான் போக வேண்டியிருந்தது அந்த மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்துக்கு. காடு தொடங்கும் இடத்தில் ஒரு பழைய சத்திரம் இருக்கிறது. அதன் கூரை தாங்குமா, தாங்காதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொள்ளேகால் அப்போது மைசூர் மாவட்டத்தோடுதான் இருந்தது.

என்னோடு வர வேண்டிய மூத்த பொறியாளருக்குக் கடைசி நேரத்தில் டைபாய்டு. "நீ பாத்துட்டு வந்து சொல்லும்மா, நான் எழுதிடறேன்" என்றார். மறுநாள் அவர் மனைவி போனில் அழைத்து, "அவரால உக்காரவே முடியலை, நீயே எழுதிடுவியாம்" என்றார்.

சத்திரத்தில் அப்போது தொடக்கப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. கூரை தொங்குகிறது என்று அங்குள்ள டீச்சர் மனுப் போட்டிருந்தார். தாங்கும் என்று நான் எழுதினால் மைசூரில் ஓர் அறக்கட்டளை பழுது பார்த்துக் கொடுக்கும். தாங்காது என்று எழுதினால் இடித்துவிடுவார்கள். புதுக் கட்டடம் வரும்வரை பிள்ளைகள் காட்டுவழியே அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும், அது யானை இறங்கும் வழி. தாங்கும் என்று தவறாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை ரயிலில் யோசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கவலை வந்தால் நான் பட்டியல் போடுவேன். பையில் இருப்பவை: அளவு நாடா, தூக்குக்குண்டு, நூற்கண்டு, சிறு சுத்தியல், டார்ச், பேனாக்கத்தி. அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை. பட்டியல் முடிந்த பிறகும் கவலை அப்படியே இருந்தது.

மைசூரில் தங்கியது அக்ரஹாரத்தில், அம்மாவின் சிநேகிதி பத்மா மாமி வீட்டில். மாமியின் மாமனார் ரயில்வே வேலைக்காக வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று மொழி. மாமி தமிழில் கேட்பார், மகள் கன்னடத்தில் பதில் சொல்வாள், சண்டை மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும். சாம்பாரில் வெல்லம் இருந்தது. நான் முகத்தை மாற்றாமல்தான் சாப்பிட்டேன், ஆனாலும் மாமி கண்டுபிடித்துவிட்டார்.

"மெட்ராஸ்காராளுக்கு எல்லாமே புளிக்கணும். நாளைக்குப் பஸ்ல வாயைத் திறக்காதே. காவிரித் தகராறுக்கப்பறம் யார் எப்படி இருப்பான்னு சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கறப்ப ஊர்ப் பேர் மட்டும் சொல்லு. கொத்தாய்த்தா?"

புரிந்ததா என்பதை மட்டும் மாமி கன்னடத்தில்தான் கேட்பார். புரிந்தது என்று தலையாட்டினேன். இரவெல்லாம் தூறிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம், பள்ளிகள் திறந்தாகிவிட்டது. மழையில் அந்தக் கூரை என்ன செய்துகொண்டிருக்கும் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பார்க்காத கூரைக்குக் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் போட்டேன்.

மறுநாள் கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூரைத் தாண்டியதும் காட்டுச் சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் போலீஸ் நடமாட்டம் அதிகம். ஒரு காவலர் என் பையைக் கவிழ்த்தார். தூக்குக்குண்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"இது எதற்கு?" என்று கன்னடத்தில் கேட்டார்.

சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க என்று, தெரிந்த நாலு கன்னடச் சொற்களை வைத்து ஒப்பேற்றினேன்.

"கண்ணால் பார்த்தால் தெரியாதா?"

"கண் பொய் சொல்லும்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புளியோதரைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அவரே திரும்ப அடுக்கிக் கொடுத்தார். நான் அடுக்கியிருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு மேட்டில் பஸ் நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடாமலே போய் நிழலில் உட்கார்ந்தார். மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்கள் யாருக்கும் பதற்றமில்லை. ஒரு குடும்பம் களி உருண்டையைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கியது. நான் மட்டும்தான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். அப்போது மல்பெரி இலை மூட்டைகளோடு ஒரு டெம்போ வந்தது. ஓட்டிவந்த இளைஞர் என் பையில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த சுத்தியலைப் பார்த்ததுமே தமிழில் கேட்டார்.

"கூரை பாக்க வர்ற மேடம் நீங்கதானுங்களா? டீச்சர் சொன்னாங்க. ஏறுங்க, இலை மேல உக்காருங்க. மெத்தையாட்டம் இருக்கும்."

அவர் பெயர் மாதப்பன். அந்தப் பக்கம் கல்லெறிந்தால் ஒரு மாதப்பன் மேல்தான் விழும் என்று அவரே சொன்னார். பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். மார்டள்ளிப் பக்கத்து ஊர்களைப் போலவே அவர்கள் ஊரிலும் வீட்டுமொழி தமிழ், பள்ளிமொழி கன்னடம். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார்கள்.

சத்திரத்தை முதலில் பார்த்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. கருங்கல் அடித்தளம், கனத்த சுவர்கள், முன்னால் கல்தூண் தாழ்வாரம். உள்ளே நீளமான ஒரே கூடம், பின்னால் சமையலறை. மலைக்கு நடந்து போகிற பக்தர்கள் தங்க அரண்மனைக் காலத்தில் கட்டியது என்றார்கள். கட்டியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் கட்டடமே தன் கதையைச் சொன்னது. தாழ்வாரத் தூண்களில் மாடு, குதிரை கட்டும் இரும்பு வளையங்கள். சமையலறைச் சுவரில் சுரண்டினாலும் போகாத கரி. பிளேக் வந்தபோது நோயாளிகளை இங்கேதான் வைத்தார்களாம். அப்போது அடித்த சுண்ணாம்பு அடை அடையாகத் தெரிந்தது. கூரைக்கட்டைகளில் பெரிய கொக்கிகள் இருந்தன, பட்டுக்கூடு சந்தை நடந்த நாட்களில் தராசு தொங்கவிட்டவை. ஒரு மூலையில் ரேஷன் கடை இருந்த காலத்து மண்ணெண்ணெய்க் கறை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்துச் சுவரிலேயே கறுப்பு அடித்த கரும்பலகை. அதில் அன்றைய பெருக்கல் கணக்கு.

கரும்பலகைக்கு எதிரே பிள்ளைகள். அவர்கள் தலைக்கு மேலே கூரை.

டீச்சர் பெயர் சுமித்ரா. சாம்ராஜநகர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கன்னடத்தில் பேசுவார், எனக்குப் புரியாத இடங்களில் பிள்ளைகள் தமிழில் சொல்வார்கள். "நீங்கள் இடிக்கச் சொல்லிவிடுவீர்களோ என்று நான் மனுப் போட்டதிலிருந்தே தூங்கவில்லை" என்றார். "மனுப் போடுவதற்கு முன்னால் விழுந்துவிடுமோ என்று தூங்கவில்லை."

மெட்ராஸ் டெரஸ் வகைக் கூரை அது. எங்கள் ஊரிலும் பழைய வீடுகளில் இருக்கிறது. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே செங்கல்லைச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் ஜல்லி இடித்து, கடைசியில் தட்டோடு என்னும் தட்டையான ஓடுகளைப் பாவுவார்கள். சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தேன். நடுவிலிருந்த கட்டைகள் என் உள்ளங்கை அகலத்துக்குத் தொங்கின. ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டினேன், கணீரென்றது. கத்தியால் குத்தினேன், நுனிகூட இறங்கவில்லை. கரையான் இல்லை, உளுப்பு இல்லை. சுவர்கள் நேராக நின்றன. எதிலும் குறை இல்லாமலே கூரை தொங்கியது. குறை தெரிந்தால் அதற்கு மருந்து சொல்லலாம். இது என்னை இன்னும் பயமுறுத்தியது.

பிறகு ஏணி வைத்து மேலே ஏறினேன்.

வெளியிலிருந்து பார்க்கும்போது கூரையைச் சுற்றி இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருந்தது. மேலே போய் நின்றால் அது என் கணுக்காலுக்குச் சற்று மேல்வரைதான் வந்தது. காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது, புல் முளைத்திருந்தது. மழைநீர் போகும் கல்தூம்புகளைக் காணோம், அவற்றுக்கு மேலே புதிதாகத் துளைகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து கத்தியால் தோண்டினேன். வெளிர்மண், கருமண், மறுபடி வெளிர்மண் என்று கேக் துண்டு போல அடுக்கடுக்காக வந்தது. கை முழங்கைக்கு மேல் இறங்கிய பிறகுதான் விரலில் தட்டோடு பட்டது.

கீழே கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ராகம் என் காலடியில் கேட்டது. எழுந்து நிற்கவே பயமாகிவிட்டது. ஏணி வரை கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒட்டி நடந்தேன்.

இறங்கியதும் டீச்சரிடம், "பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். இப்போதே" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, விளையாட்டுப் பீரியட் என்று அறிவித்தார்.

அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. மாதப்பன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. களியும் அவரைக்காய்க் குழம்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று தெரியாமல் நான் மென்றுகொண்டிருக்க, மாதப்பனின் அம்மா மாதம்மா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஏன் அம்மிணி, பள்ளிக்கூடத்தப் பூட்ட வந்தவ நீதானா?"

"பூட்ட வரலீங்க. கூரையப் பாக்க வந்தேன். மேல ஏன் இவ்வளவு மண்ணு போட்டிருக்கீங்க?"

"போடாம? போடலீன்னா எப்பவோ உழுந்திருக்கும். ஊருல ஒரு வீட்டுக் கூரையப் போயிப் பாரு. வருசா வருசம் மழைக்கு மிந்தி சவுட்டு மண்ணுப் போட்டாத்தான் ஒழுகாது."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஊர் வீடுகள் எல்லாம் மண்கூரை. சவுட்டு மண் தண்ணீரை இறங்க விடாது. அந்தக் கூரைகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, அதனால் போட்ட மண்ணில் பெரும்பகுதியை மழையே கரைத்துக்கொண்டு போய்விடும். வருவதும் போவதும் சரியாகிவிடும். சத்திரத்துக்கோ சுற்றிலும் சுவர். அங்கே போட்ட ஒரு கூடைகூட வெளியே போகவில்லை. ஊர் தன் வீட்டுக்குச் செய்வதையே சத்திரத்துக்கும் செய்திருக்கிறது, தலைமுறை தலைமுறையாக, வஞ்சனை இல்லாமல்.

மாதம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "தலைல ஒரு குடம் தண்ணி வெச்சா நிப்பீங்க. வருசத்துக்கு ஒரு குடம் ஏத்திட்டே போனா?"

"எறக்கி வெச்சுப் போட்டுப் போவேன்."

"அதுக்குக் கை இல்லீங்களே. நாமதான் எறக்கி வெக்கணும்."

"அந்த மண்ண எறக்க முடியாது" என்றார் மாதம்மா. கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலைப் போலச் சொன்னார்.

காரணத்தை மாதப்பனின் மனைவி ரத்னா சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையாதவள். இந்த ஊருக்கு மருமகளாக வருகிற ஒவ்வொரு பெண்ணும், வந்தபின் முதல் மழைக்கு முன்னால், ஏரியில் ஒரு கூடை சவுட்டு மண் எடுத்துச் சத்திரத்துக் கூரையில் போட வேண்டும். அன்றிலிருந்துதான் அவள் இந்த ஊர்க்காரி. வீட்டுக் கூரை மாமியாருடையது, சத்திரத்துக் கூரை ஊருக்குப் பொது. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பும் பெண்ணிடம், போகிறதானால் உன் மண்ணை அள்ளிக்கொண்டு போ என்பார்களாம். எது யாருடைய மண் என்று எப்படித் தெரியும்? அதனால் யாரும் போனதில்லை.

"நாந்தானுங்கக்கா கடைசியாப் போட்டது. உகாதி முடிஞ்சு" என்றாள் ரத்னா. "மேலாக்கக் கெடக்கறது என்ற மண்ணுதான். அள்ளுனா அதத்தான் மொதல்ல அள்ளுவீங்க."

அவள் அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வெளியே மலைப்பக்கம் மேகம் கறுத்து நின்றது. நனைந்த மண் காய்ந்த மண்ணைவிட எவ்வளவு கனம் என்பது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் பிள்ளைகளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்து டீச்சர் பாடம் நடத்தினார். பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். "இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் பெண்பிள்ளைகளை இலை பறிக்க அனுப்பிவிடுவார்கள், திரும்ப வர மாட்டார்கள்" என்றார். நான் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வேறு வேலை இல்லை, யோசிக்கும்போது நடப்பது என் பழக்கம். பின்பக்கம் முற்றம் பள்ளமாக இருந்தது, முன்னே பெய்த மழைநீர் அங்கே குட்டைபோல் நின்றது. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் போகவேண்டும்.

மாதம்மாவைத் தேடிப் போனேன். மல்பெரித் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மண்ணு சத்திரத்த விட்டு வெளிய போகக் கூடாது, அவ்வளவுதானுங்களே?"

"ஆமா."

"போகாது. மேல இருக்கறது கீழ வரட்டும். பின்னாடி முத்தத்துப் பள்ளத்துல கொட்டலாம். பிள்ளைக அது மேல நடக்கட்டும். சொவத்துல மட்டும் ஒட்டக் கூடாது, உப்பு ஏறும். இனி வர்ற மருமகளும் அங்கயே போடட்டும்."

மாதம்மா பறித்த இலையை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, "ரத்னா மண்ணு மேலாக்க இருக்குதுன்னு அழுதாளா?" என்றார்.

"அழலீங்க."

"என்ற மண்ணு எங்கியோ அடியில கெடக்குது. மேல இருக்கறதக் கீழ கொட்டினா அவளது அடிக்குப் போயிரும், என்றது மேல வந்துரும். பத்து மருமக வந்தாலும் எனக்கு மேல சத்தங்காட்ட முடியாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மண் இறக்குவது சுலபம் என்று ஊர் நினைத்தது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். இத்தனை காலம் தாங்கிய கூரை, பத்துப் பேர் ஏறி நின்று ஒரு பக்கமாக அள்ளினால் அந்த நிமிடமே இறங்கலாம். முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாதப்பன் யாருடைய காட்டிலிருந்தோ யூகலிப்டஸ் கம்புகளைக் கொண்டுவந்தார், யாரென்று நான் கேட்கவில்லை. தொங்கிய கட்டை ஒவ்வொன்றுக்கும் கீழே பலகை வைத்துக் கம்பை நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து அடித்தோம். கம்பை ஆட்டினால் அசையக் கூடாது, அதுவரை அடிக்கச் சொன்னேன். மாதப்பன் அடித்த அடியில் கொக்கிகள் அதிர்ந்தன.

வேலை தொடங்கிய காலையில் எல்லாப் பெண்களும் மஞ்சள் குங்குமத்தோடும் கூடையோடும் வந்துவிட்டார்கள். மண் போடும்போது எல்லாரும் சேர்ந்துதான் ஏறுவார்களாம், இறக்கும்போதும் அப்படித்தானாம். நான் ஏணியின் கீழ்ப்படியில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"நாலு பேர்தான் மேல. மத்தவங்க வரிசையா நின்னு கூடைய வாங்கணும். நடுவுல இருந்து அள்ளணும். ஓரத்துல குமிக்கக் கூடாது. சத்தம் கேட்டா அப்படியே நிக்கணும், ஓடக் கூடாது. கூடத்துக்குள்ள யாரும் போகக் கூடாது."

"மாப்பிள்ள வீட்டுக்காரியாட்ட எத்தன கண்டிசன் போடறா பாரு" என்றார் ஒருவர். "சீர் எவ்வளவுன்னும் கேளுங்க" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள், ஆனால் வரிசையில் நின்றார்கள். மாதம்மா கற்பூரம் காட்டினார். முதல் கூடையை ரத்னாதான் இறக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். அவள் மேலே போய், குனிந்து அள்ளி, ஏணியில் கைமாற்றி, பின்முற்றத்தில் அந்தக் கூடை கவிழும்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூடைகள் இறங்கின. வெயில் ஏறியது. கம்பங்கூழும் கறிவேப்பிலை போட்ட மோரும் வந்தன. இரண்டையும் கலந்து குடிப்பதுதான் அங்கே வழக்கம். மேகம் மலையை விட்டு நகர்கிறதா என்று பார்ப்பேன், மேலே எத்தனை தலைகள் என்று எண்ணுவேன், ஐந்தாவது தலை தெரிந்தால் கத்துவேன். நடுப்பகுதியில் தட்டோடு சிவப்பாகத் தெரியத் தொடங்கியது என்று மாதப்பன் மேலிருந்து சொன்னார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. மரம் கல்லில் மோதும் சத்தம், ஒரே ஒரு முறை.

மேலே இருந்தவர்கள் சொன்னபடி அப்படியே நின்றார்கள். கைமாறிக்கொண்டிருந்த கூடை அந்தரத்தில் நின்றது. டீச்சர் புளியமரத்தடியிலிருந்து எழுந்துவிட்டார். யாரும் உள்ளே போகக் கூடாது என்று நான் போட்ட விதியை நானே மீறினேன்.

கூடத்தில் தூசி மிதந்தது. கட்டைகளை வரிசையாகப் பார்த்தேன். விரிசல் எதுவும் இல்லை. முட்டுகளும் நின்ற இடத்திலேயே நின்றன. தரையில் ஓர் ஆப்பு கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கம்பின் அடியிலிருந்து இன்னோர் ஆப்பு மெல்ல நழுவிக் கல்தரையில் விழுந்தது. அதே சத்தம்.

நடுக்கம்பில் கை வைத்தேன். காலையில் மாதப்பன் தோள் கொடுத்தும் அசையாத கம்பு. இப்போது உரலில் கிடக்கும் உலக்கை போலச் சுலபமாகத் திரும்பியது. அதன் தலைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு கோடு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. முட்டு கீழே இறங்கவில்லை. சுமை போனதும் கட்டைதான் தானாக நிமிர்ந்து மேலே போயிருந்தது. அறிக்கையில் எழுத வேண்டிய சொல் எனக்குக் கிடைத்துவிட்டது: தாங்கும். பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மேலேயிருந்து மாதம்மாவின் குரல் கேட்டது. "அம்மிணி, இருக்கறயா?"

"இருக்கேங்க."

"என்ன உழுந்துச்சு?"

"ஒண்ணும் விழலீங்க. கூரை எந்திரிச்சிருச்சு."



"வெயிலு மண்டைக்கு ஏறிருச்சாட்ட" என்று மாதம்மா யாரிடமோ சொன்னார். "உள்ளாற ஒரு சொம்பு மோரு குடுத்தனுப்புங்க. ரத்னா, நீ கூடையத் தூக்கு."